மாம்புரி கடல் இல்லை

கோலாலம்பூர்
2025 ஜனவரி 12

அன்பின் ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கே நலம், அல்ஹம்துலில்லாஹ். நீங்களும் நளீம் மச்சானும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். உங்கள் இருமலைப் பற்றி மட்டும் அப்படி நினைக்க முடியவில்லை. போன கிழமை கதைக்கும்போது அடிக்கடி போனைத் தூரப் பிடித்தீர்கள். எனக்குக் கேட்காது என்று நினைத்தீர்களாக்கும்.

வட்ஸ்அப்பில் குரல் போட்டால் மச்சான் குறுக்கே பதில் சொல்கிறார், ஈமெயிலில் கடிதம் எழுது என்றீர்கள். எழுதுகிறேன். இன்றைக்கு நீங்கள் சிரிக்க ஒரு பகிடி. நான் வேலை செய்யும் மொடலில், அதுதான் புகை காற்றில் எங்கே போகும் என்று கணக்குப் போடும் கம்பியூட்டர் புரோகிராமில், மாம்புரி கடலாம்!

கொழும்பில் ஒரு குழு இரண்டு வருடத்துக்கு முன் புத்தளம் மாவட்டத்துக்குப் புகைக் கணக்கு எடுத்தது. எங்கே என்ன எரிகிறது, வருடத்துக்கு எவ்வளவு புகை என்று. லொறிகள், செங்கல் சூளைகள், தேங்காய்ச் சிரட்டையை எரித்து நீங்கள் கரியாக்கும் குழிகள் எல்லாம் அதில் உண்டு. தங்களுடைய சின்ன மொடலுக்காக மாவட்டத்தை ஒரு கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்து எழுதினார்கள். எங்கள் மொடல் தென்னாசியா முழுவதையும் பார்ப்பது, அதன் கட்டம் ஒன்பது கிலோமீற்றர். அவர்களுடைய கணக்கை இதற்கேற்ப மாற்றி ஏற்றுவதுதான் என் வேலை. ஏற்றிப் பார்த்தால் மாம்புரியில் புகையே இல்லை. தேடிப் போனேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்புத் தண்ணீர், நடுவில் ஒரு கீற்று நிலம் என்பதால் மொடல் அந்தக் கட்டத்துக்குத் தண்ணீர் என்று பெயர் வைத்திருக்கிறது. தண்ணீரில் சிரட்டை எரியாது என்று புரோகிராம் உங்கள் குழிகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டது. திருத்திவிட்டேன். மாம்புரி மறுபடியும் நிலம்.

இனி நேரம். வருடக் கணக்கு மொடலுக்குப் போதாது, எந்த மணிக்கு எவ்வளவு என்று கேட்கும். நாங்கள் சொல்லாவிட்டால் ஐரோப்பாவில் எங்கோ தொழிற்சாலைகளுக்கு எழுதிய நேரத்தைப் போட்டுக்கொள்ளும். அதில் ஞாயிறு லீவு. மாம்புரியில் ஞாயிறு லீவா! ஆகவே சொல்லுங்கள்: குழிக்கு எப்போது நெருப்பு வைப்பீர்கள்? எந்த நாள் வேலையில்லை?

விளையாட்டாக எடுக்க வேண்டாம். புகையை வெளியே விடாமல் உள்ளேயே எரித்துவிடும் மூடு சூளைகளை இலவசமாகக் கொடுக்க ஒரு நிதியம் முன்வந்திருக்கிறது. மாவட்டத்தில் முதலில் ஒரே ஓர் ஊருக்குத்தான். ஆட்கள் எங்கே கூடுதலாகப் புகையைச் சுவாசிக்கிறார்கள் என்று எங்கள் மொடல் காட்டுகிறதோ, அந்த ஊருக்கு. உங்களுக்கு வந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி!

துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.
நஸ்லா

*

மாம்புரி
2025 பெப்ரவரி 4

அன்புள்ள தங்கச்சி நஸ்லாவுக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடு.

அடியே, எங்கள் ஊரைக் கடலாக்கிவிட்டு அதைப் பகிடி என்று வேறு சொல்கிறாயா? உன் மச்சானிடம் சொன்னேன். "அப்ப எங்களுக்கு நிலவரி இல்லையே, விடச் சொல்லு!" என்று சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைச் சாரத்தில் ஊற்றிக்கொண்டார். பக்கத்துக் குழி ஸும்ரா கேட்டாள், "ஏன் ராத்தா, மன்னார்ல இருந்து அகதியா வந்த நாள்ல அங்கத்தப் பதிவிலயும் எங்கட பேர் இல்ல, இஞ்சயும் இல்ல எண்டு அலைஞ்சமே. இப்ப கம்பியூட்டருக்கும் எங்களப் பிடிக்கலையா?" நான் சொன்னேன், என் தங்கச்சி பிடிச்சுப் போட்டுத் தருவாள், பயப்படாதே என்று.

நீ கேட்டதற்குப் பதில். வெள்ளிக்கிழமை வேலை இல்லை, ஜும்ஆ. மற்ற நாளெல்லாம் உண்டு. நெருப்பு வைப்பது காலை ஒன்பது மணிக்கு. ஊரில் எல்லாக் குழிக்காரரும் அப்படித்தான். அனுமதிப் பத்திரத்திலும் பகல் மட்டும் என்றுதான் இருக்கிறது. எழுதிக்கொள்.

இருமல் எல்லாம் பனிக்கு வருவது. நீ மூன்றாம் வகுப்பில் இருந்தே என்னை விசாரணை செய்கிறாய்.

சூளை வந்தால் நல்லது. ஊருக்கே சொல்லிவிட்டேன், என் தங்கச்சி கையில்தான் எல்லாம் என்று.

அல்லாஹ் உன்னைக் காப்பாற்றட்டும்.
உன் ராத்தா கமறியா

*

கோலாலம்பூர்
2025 பெப்ரவரி 21

அன்பின் ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு வரப்போகிறது. இந்த முறை இங்கே தனி நோன்பு. உங்கள் கஞ்சியை நினைத்தால் அழுகை வருகிறது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன நேரத்தைப் போட்டு மொடலை ஓட்டினேன். படம் மிக அழகாக வந்தது. பகலில் கடற்காற்று புகையை அள்ளிக்கொண்டு களப்புக்கு மேலால் போய்விடுகிறது. மாம்புரி வெள்ளை வெளேரென்று சுத்தம். ஆனால் அதை நான் நம்பவில்லை.

ஏனென்றால் உங்கள் சந்தியில் ஒரு கட்டடக் கூரையில் கொழும்புப் பல்கலைக்கழக ஆட்கள் வைத்த சின்னக் கருவி ஒன்று இருக்கிறது. காற்றில் உள்ள தூசை அளப்பது. அது வேறு கதை சொல்கிறது. பகலில் புகை குறைவு. பொழுதுபடும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஏறத் தொடங்கி, விடியற்கால ஸுபஹ் வரைக்கும் இறங்குவதே இல்லை. வெள்ளிக்கிழமை இரவில் மட்டும் அந்தப் புகை இல்லை. வெள்ளிக்கிழமை சரியாகச் சொன்னீர்கள்.

பொழுது பட்டால் காற்று விழுந்துவிடும். அப்போது வைத்த நெருப்பின் புகை மேலே போகாது, வீட்டுக் கூரை உயரத்தில் விடியும்வரை படுத்துக் கிடக்கும். வருடக் கணக்கில் இரண்டும் ஒரே அளவு புகைதான். பகலில் எரித்தால் அது களப்புக்கு, இரவில் எரித்தால் உங்கள் நெஞ்சுக்கு. அதனால்தான் நேரத்தைக் கேட்டேன்.

யோசித்து மறுபடி எழுதுங்கள், ராத்தா. ஒன்பது மணிதானா?

அன்புடன்,
நஸ்லா

*

புத்தளம்
2025 ஏப்ரல் 5

நஸ்லாவுக்கு,

ஸலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. வட்டிலப்பம் செய்தேன், ஸும்ரா வீட்டுக்கும் அனுப்பினேன். பதில் எழுதப் பிந்திவிட்டது, நோன்பில் நேரம் கிடைக்கவில்லை.

ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிதான். அந்தக் கருவி பழுதாக இருக்கும். கடல் உப்பு எங்கள் தகரத்தையே தின்கிறது, அதைத் தின்னாதா?

நீ உடம்பைப் பார்த்துக்கொள்.
ராத்தா

*

கோலாலம்பூர்
2025 ஏப்ரல் 13

அன்பின் ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்துப் பிந்தியதற்கு மன்னியுங்கள். வட்டிலப்பத்தில் எனக்கு ஒரு துண்டு எடுத்து வைத்ததாகவே நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தின் தலையில் புத்தளம் என்று போட்டிருக்கிறீர்கள். பெருநாள் கழிந்து ஆறு நாளைக்குள் மாம்புரியை விட்டு நீங்கள் வீடு மாறிப் போகிற ஆள் இல்லையே. ஏன் அங்கே? மச்சானுக்குப் போன் எடுத்தால், "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுச் சந்தையில் நிற்பதாகப் பொய் சொன்னார். பின்னால் ஓர் ஆஸ்பத்திரித் தாதி நோயாளர் பெயர் கூப்பிடும் சத்தம் கேட்டது. சந்தையில் பெயர் கூப்பிடுவார்களா?

சரி, நான் கேட்கவில்லை. நீங்களே சொல்லும் வரைக்கும் பொறுக்கிறேன். ஆனால் எனக்குக் கோபம் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

கருவி பழுதில்லை. சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கணக்கும் கருவியும் ஒத்துவராததால் மே மாதம் ஒரு பெண் வருவாள். டெனிஷா என்று பெயர், சிலாபத்துப் பிள்ளை. குழிக்காரர் எல்லாரிடமும் நேரம் கேட்பாள். கட்டத்துக்கு ஒரு நேரம் மட்டும் எழுதுவாள், ஒருவருடைய பெயரும் எழுதமாட்டாள். அவளிடமாவது உண்மையைச் சொல்லுங்கள்.

உங்களையே நினைக்கும்,
நஸ்லா

*

மாம்புரி
2025 மே 22

நஸ்லா,

ஸலாம். எனக்குச் சுகம்தான். உனக்கு இனிமேல் என் சுகம் எதற்கு, ஆள் வைத்து விசாரிக்கிறாயே!

உன் டெனிஷா வந்தாள். நல்ல பிள்ளை, தலையைக் குனிந்து செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள், மீன் கறியோடு சோறு கொடுத்தேன். அவள் வருவதற்கு முதலே வீடு வீடாகப் போய் எல்லாருக்கும் சொல்லிவைத்தேன். ஓம், சொல்லிவைத்தேன்! ஒருவர் தவறாமல் ஒன்பது மணி என்றார்கள். ஹாசிம் நானா மட்டும் பதற்றத்தில் "ஒம்பது, ஒம்பதரை, மழை எண்டா பத்து" என்று இழுத்தார். அவர் அதைச் சொல்லும்போது பொழுது சாய்ந்து அஸருக்குப் பிந்தி, பின்னால் அவருடைய குழியில் சிரட்டை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்! அந்தப் பிள்ளை பார்த்தாள். சிரித்துக்கொண்டே எழுதினாள்.

இப்போது கேள். போன வருடம் காற்றாடி ஹோட்டல்காரர் வந்து நின்றார்கள். கடலில் வெள்ளைக்காரர் பட்டம் பிடித்துச் சறுக்குகிற நேரம் புகை வந்தால் அவர்களுடைய யாவாரம் படுக்குமாம். பெரிய இடத்துக்குச் சொல்லிக் குழியை மூடுவிப்போம் என்றார்கள். ஆகவே பகலில் எரிக்க ஏலாது. அனுமதிப் பத்திரத்தில் பகல் மட்டும்தான் எரிக்கலாம் என்று இருக்கிறது. ஆகவே பொழுதுபட்டும் எரிக்க ஏலாது. எப்போது எரிப்பது? நீ படித்தவள், நீ சொல்லு.

அதற்கு மேல் நான் எழுதமாட்டேன். ஈமெயிலும் ஒரு பத்திரம்தான். இந்த ஊரில் முப்பது அடுப்பு இந்தக் குழிகளால்தான் எரிகிறது.

கமறியா

*

கோலாலம்பூர்
2025 ஜூன் 1

அன்பின் ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். கையெழுத்தில் "ராத்தா" என்ற சொல்லே இல்லாமல் வந்த முதல் கடிதம். பரவாயில்லை. கோபத்திலும் டெனிஷாவுக்குச் சோறு போட்டிருக்கிறீர்கள், அவள் இன்னமும் அந்தக் கறியைப் பற்றிச் சொல்கிறாள்.

நான் செய்ததைச் சொல்கிறேன். இரண்டு மாதிரியும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்பது மணி போட்டால் மாம்புரி வெள்ளை, களப்புக்கு அக்கரையில் வண்ணாத்திவில்லுதான் புகை கூடிய சிவப்பு. மூடு சூளை அங்கே போகும். மஃரிபுக்குப் பிறகு என்று போட்டால் கருவி அளந்ததும் மொடல் சொல்வதும் அச்சொட்டாகப் பொருந்துகிறது. அப்போது மாவட்டத்திலேயே மோசமான காற்று உங்கள் கட்டத்தில்தான்.

எனக்குத் தெரிந்ததை நானே எழுதிப் போட ஒரு நிமிடம் போதும். போடமாட்டேன். அந்தக் கட்டத்தில் என் ராத்தா இருக்கிறார் என்று எங்கள் தலைவியிடம் சொல்லிவிட்டேன். "அப்படியென்றால் அந்தக் கட்டத்தை நீ தொடாதே" என்றார். சரியான பேச்சு. ஊகத்தில் நேரம் எழுதினால் நாளைக்கு வண்ணாத்திவில்லுக்காரர் வந்து, தங்கச்சி ராத்தாவுக்குச் சூளை வாங்கிக்கொடுத்தாள் என்பார்கள். அது பொய்யாகவும் இருக்காது.

ஆகவே அது உங்கள் ஊர் வாயில் இருந்துதான் வரவேண்டும். வேறு வழி கிடையாது. பத்திரச் சிக்கல் உண்மைதான். அதை நான் சின்னதாக்கிப் பேசவில்லை. ஆனால் சூளை கொடுக்கிற நிதியத்துக்கு அதைச் சொன்னால், அனுமதி கொடுக்கிற அரசாங்கக் கந்தோரோடு அவர்களே கதைப்பார்கள். இல்லாத புகைக்காக ஒருவரும் கதைக்கமாட்டார்கள். செப்டெம்பரில் முடிவு.

ராத்தா, இனிக் கேட்டுவிடுகிறேன். உங்களுக்கு மூச்சு எப்படி?

உங்கள்,
நஸ்லா

*

மாம்புரி
2025 ஓகஸ்ட் 14

என் செல்லத் தங்கச்சி நஸ்லாவுக்கு,

அல்லாஹ்வின் உதவியால் எழுதுகிற அளவுக்கு இருக்கிறேன். இரண்டரை மாதமாகப் பதில் போடவில்லை, ஏசு, எவ்வளவும் ஏசு.

மூச்சு சரியில்லை. பெருநாள் கழிந்த கையோடு ஒரு தரம் புத்தளம் ஆஸ்பத்திரியில் படுத்தேன், போன மாதம் இன்னொரு தரம். உனக்குச் சொல்லவேண்டாம் என்று உன் மச்சானின் வாயைக் கட்டினேன். அந்த மனுசனுக்குப் பொய் சொல்லவும் தெரியாது, பாவம்.

நேற்று நெஞ்சு கிளினிக். வாங்குப் பலகையில் போய் இருந்தால் பக்கத்தில் ஸும்ரா! அவளுக்கு அந்தப் பக்கம் ஹாசிம் நானாவின் பெண்சாதி. பின் வாங்கில் இன்னும் இரண்டு பேர். எல்லாரும் மாம்புரி, எல்லாரும் குழி வீடு. ஒருத்திக்கொருத்தி சொல்லாமல், ஒவ்வொருத்தியும் வேறு வேறு பஸ்ஸில் வந்திருக்கிறோம். "மகளப் பார்க்க வந்தன்" என்கிறாள் ஸும்ரா, கையில் கிளினிக் கொப்பியை வைத்துக்கொண்டு!

ஒவ்வொருவராக உள்ளே போனோம். கதவுக்குப் பதில் ஒரு துணித் திரைதான், எல்லாம் கேட்கிறது. டொக்டர் கேட்கிறார், "புகையில வேலையா?" ஸும்ரா சொல்கிறாள், "இல்ல சேர், சமைக்கிற புகை." அடுத்தவள் போனாள். "சமைக்கிற புகை." அதற்கடுத்தவள், "அடுப்புப் புகைதான் சேர்." எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த பாடம், நஸ்லா. இரவுப் புகையைக் கேட்டால் சமையல் என்று சொல்லுங்கள் என்று டெனிஷாவுக்காகச் சொல்லிக்கொடுத்தேன், அதையே டொக்டருக்கும் ஒப்புவிக்கிறார்கள். அந்த மனிதர் பாவம், எங்கள் ஊரில் பெண்கள் எல்லாரும் பகலிரவாகக் கந்தூரி விருந்துக்குச் சமைக்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்.

என் முறை வந்தது. உள்ளே போனேன். வாய் "சமை" என்று தொடங்கிவிட்டது. நிறுத்தினேன். திரையை இழுத்து விலக்கி, வாங்கில் இருந்த எல்லாரையும் காட்டிச் சொன்னேன்: "சேர், இவங்க எல்லாம் எங்கட ஊரு. சிரட்டைக்கரிக் குழி. மஃரிப் தொழுதுட்டுத்தான் நெருப்பு வைக்கிறம். விடிய விடிய அந்தப் புகையிலதான் படுக்கிறம்." ஸும்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் என் கொப்பியை டொக்டரின் மேசையில் வைத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் வைத்தே எல்லாரும் கதைத்தோம். சண்டையும் பிடித்தோம். ஹாசிம் நானாவின் பெண்சாதி அழுதாள், "பத்திரம் போனா என்ன செய்ற?" என்று. "மூச்சுப் போனா என்ன செய்ற?" என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஸ் வர முதல் ஒத்துக்கொண்டாள்.

டெனிஷாவை வரச்சொல்லு. எல்லாரும் சொல்லுவோம். இந்த முறை ஒருவருக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கமாட்டேன்.

என்றும் உன் ராத்தா,
கமறியா

*

கோலாலம்பூர்
2025 செப்டெம்பர் 24

அன்பின் ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன், பிறகு அந்தத் திரைக் கதையை நினைத்துச் சிரித்தேன், பிறகு மறுபடி அழுதேன். என்னிடம் மறைத்ததற்கு ஏசுவதை நேரில் வந்து செய்கிறேன். டிசம்பரில் டிக்கட் போட்டுவிட்டேன்.

டெனிஷா முப்பது பேரிடம் கேட்டிருக்கிறாள். முப்பது பேரும் முப்பது விதமாகச் சொன்னார்களாம். மஃரிபுக்குப் பிறகு, இஷாத் தொழுகைக்கு முதல், சிலர் நோன்பு இரவுகளில் தராவீஹ் தொழுகை முடிந்து. "இதுதான் உண்மையான பதில் போல இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாள். பதில்களை வேறொருவர் ஏற்றினார், நான் அறைக்கு வெளியே நின்றேன். நிதியத்தின் கூட்டம் நேற்று. மூடு சூளை மாம்புரிக்கு. வண்ணாத்திவில்லு அடுத்த முறைக்கு முதல் இடத்தில் இருக்கிறது.

கெட்ட செய்தியும் உண்டு, மறைக்கமாட்டேன். அனுமதி கொடுக்கிற கந்தோருக்கு விசயம் போய்விட்டது. சூளை பொருத்தும் வரைக்கும் குழிகளை மூடச் சொல்லப்போகிறார்களாம். நிதியத்தின் ஆட்கள் வாதாடினார்கள், சரிவரவில்லை. சூளை வர நவம்பர் கடைசி ஆகும். அதுவரை என்ன செய்வீர்கள்? நான் கேட்டுக் கேட்டு உங்களைச் சொல்லவைத்தேன்.

எழுதுங்கள். என்ன எழுதினாலும் சரி.

உங்கள் தங்கச்சி,
நஸ்லா

*

மாம்புரி
2025 ஒக்டோபர் 18

நஸ்லாவுக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம். பயந்துகொண்டு இருக்காதே, நாங்கள் இருக்கிறோம்.

குழியை மூடினார்கள். கந்தோர் ஆட்கள் வந்து மண் போட்டு, ஒரு சிவப்புப் பட்டியும் கட்டிவிட்டுப் போனார்கள். ஊரில் சிலர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஹாசிம் நானா சந்தியில் வைத்து, "உன்ட தங்கச்சியும் நீயும் சேர்ந்து எங்களக் கடல்ல தள்ளிட்டீங்க" என்றார். அவருடைய பெண்சாதிதான், "நீங்க சும்மா இரிங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். உன் மச்சான் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறார். முதுகு வலிக்கிறது என்று முனகுகிறார், நன்றாகத்தான் சாப்பிடுகிறார். நான் ஸும்ராவோடு சேர்ந்து கருவாடு காயப்போடுகிறேன். கஷ்டம்தான். நவம்பர் முடியும் வரைக்கும்தானே.

நீ சொல்லவைத்தாய் என்று எழுதியிருந்தாய். போ புள்ள. திரையை இழுத்தது நான்.

இன்னொரு விசயம், உனக்கு நான் சொல்லாத விசயம். இரண்டு வருடமாக நான் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுக்கவில்லை. படுத்தால் மூச்சு அடைக்கும். தலையணை இரண்டைச் சுவரில் வைத்து, சாய்ந்து இருந்தபடியேதான் விடியும் வரைக்கும். உன் மச்சானுக்கு மட்டும்தான் தெரியும். குழி மூடி ஒரு கிழமை போன பிறகு, எப்படியென்று தெரியவில்லை, ஸுபஹுக்கு விழித்துப் பார்த்தால் நான் மல்லாந்து படுத்துக் கிடக்கிறேன். தலையணை கீழே. உன் மச்சான் பக்கத்தில் எழும்பி இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மௌத்தாகிவிட்டேன் என்று நினைத்தாராம், மூக்கில் கை வைத்துப் பார்த்தாராம். "நீ குறட்டை விட்டாய், கமறியா" என்று சொல்லி அந்த மனிதர் அழுதார்.

உன் மொடலில் எங்கள் கட்டத்துக்கு இப்போது என்ன போட்டிருக்கிறார்கள்? நீ தொடக்கூடாது, தெரியும். இந்த நாட்களுக்குப் பூச்சியம் போடச் சொல்லு. நாங்கள் இங்கேதான் இருக்கிறோம், புகைதான் இல்லை.

உன் ராத்தா,
கமறியா